தருமபுரி மாவட்டத்தில் குடும்பப் பயணமும் பிள்ளைகளும்

பயணத்தில் விருப்பம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. கூட்டிப்போய்ப் பழக்குவதால் வருகிறது. தருமபுரி மாவட்டத்தில் இந்தப் பழக்கம் பல வீடுகளில் ஆடிப்பெருக்கோடு தொடங்குகிறது. ஆடி 18 அன்று தாத்தா, பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒன்றாகக் கிளம்பி, காவிரிக் கரையிலுள்ள ஒகேனக்கலுக்கோ தென்பெண்ணைக் கரையிலுள்ள இருமத்தூருக்கோ போய்த் தலைமுழுகி வருவார்கள். பிழைப்புக்காகப் பெங்களூரு, ஓசூர், திருப்பூர் போனவர்களும் அந்த நாளையொட்டி ஊர் திரும்புவதுண்டு. வெளியூர் போவதென்றாலே வேலை தேடித்தான் என்று பார்த்து வளரும் பிள்ளைக்கு, சந்தோஷத்துக்காகவும் போகலாம் என்று காட்டும் நாள் அது.

அந்தப் பயணம் மனத்தில் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், அதில் பிள்ளைக்கும் ஒரு வேலை இருப்பதுதான். புளிச்சோற்றுத் தூக்கைச் சுமப்பது, மாற்றுத்துணிப் பையைக் காப்பது, பஸ் ஏறியதும் தலை எண்ணுவது என்று எதையாவது ஒப்படைத்தால், அது அவர்களுடைய பயணம் ஆகிவிடுகிறது.

கிளம்புவதற்கு முன்பே தொடங்கும் வேலையும் ஒன்று உண்டு. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்து, கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பினால், உபரிநீர் ஒகேனக்கலை நோக்கி வரும். தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் அதை அளக்கிறார்கள். இன்று எத்தனை கனஅடி என்று செய்தியில் பார்த்துச் சொல்லும் பொறுப்பைப் பத்து வயதுப் பிள்ளையிடம் விடலாம். நீர்வரத்து அதிகமானால் பரிசல் ஓடாது, குளிக்கவும் விடமாட்டார்கள். ஆசைப்பட்ட இடத்துக்கு ஆறு சம்மதித்தால்தான் போகலாம் என்பதைப் பிள்ளை வீட்டிலிருந்தே தெரிந்துகொள்கிறது.

ஒகேனக்கல் என்பது கன்னடப் பெயர். புகையும் கல் என்று பொருள். அருவியின் சாரல் புகைபோல் எழுவதைப் பார்த்த பின் இதைச் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை. பரிசலையும் ஏறுவதற்கு முன் சுற்றிப் பார்க்க விட வேண்டும். மூங்கில் பின்னலின் மேல் முன்பு தோல் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்தன. முன்னும் பின்னும் இல்லாத வட்டக் கூடையை ஒற்றைத் துடுப்பால் நேராக ஓட்டுவது எப்படி என்று பரிசல்காரரையே கேட்கச் சொல்லலாம். பாதுகாப்பு உடை போடாமல் ஏறக் கூடாது, அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. இதில் பெரியவர்கள் விதிவிலக்குக் கேட்டால் பிள்ளைகளும் கேட்பார்கள்.

ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் போதாது. தண்ணீர் குறைந்த மாதத்தில் அதே ஒகேனக்கலுக்குப் போனால் பாறைகள் தெரியும். அது வேறு ஊர்போல இருக்கும். அரூர் பக்கம் தீர்த்தமலை ஏறலாம். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் உள்ளன. ஆநிரை மீட்கப் போய் மாண்ட வீரர்களுக்கும் இப்படிக் கல் நட்டார்கள். கல்லில் வில்லைத் தேடு, மாட்டைத் தேடு என்று விட்டால் போதும், விளக்கவுரை பிறகு. பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்த சுப்பிரமணிய சிவாவின் கதையும் வழியில் சொல்லத்தக்கது. தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறத் தடை விதித்தபோதும், நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகப் போனவர் அவர்.

ஒரே நாளில் ஐந்து இடம் காட்டுவதுதான் பயண ஆசையைக் கெடுக்கும் சுலபமான வழி. திரும்பியதும் கட்டுரை எழுதச் சொல்வது அடுத்தது! சொந்தக் காரில் போனால் பின்சீட்டில் கைபேசியோடு கிடக்கும் பிள்ளை, பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டுச் சண்டை போடும். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கலுக்குப் பஸ் போகிறது. விவரம் தெரிந்த பிள்ளையிடம் பணத்தைக் கொடுத்து, எல்லாருக்கும் டிக்கெட் எடுத்து மீதியை எண்ணி வாங்கச் சொல்லலாம். அடுத்த முறை எங்கே போவது என்பதையும் அந்தப் பிள்ளையே சொல்லட்டும்.