எத்தனை தடவை போனீங்க?

மூணாறில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் "நீர்க்கடுப்பு, சிஸ்டர்" என்று வந்து உட்கார்ந்தால், தெர்மாமீட்டரை எடுக்கும் முன்பே ஒன்று கேளுங்கள்: "காலையிலிருந்து ஒன்னுக்கு எத்தனை தடவை போனீங்க?" வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஒரே தடவை என்று பதில் வந்தால் பாதி நோய் புரிந்துவிடும். தேயிலைச் சரிவில் மறைவிடம் தேடுவது கஷ்டம். அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். அதையும் மீறி முட்டினால் அடக்கிக்கொள்வார்கள். தோட்டத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. சரிவு ஏறுவதற்குள் சட்டத்துக்கு மூச்சு வாங்குகிறது போலும். 2015 செப்டம்பரில் கூலியும் போனஸும் கேட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்த 'பெம்பிளை ஒருமை' பெண்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுபவர்கள். உங்கள் வார்டுக்கு வருவதும் இவர்களும் இவர்கள் வீட்டாரும்தான்.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிக்கின்றன. வெளியே வருவது ஒன்றரை லிட்டர் போல. மற்றதெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடும். உடம்பில் நீர் குறைந்தால் ஏடிஎச் ஹார்மோன் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சிறுநீர் சுண்டி, அடர் மஞ்சளாகும். பெண்களுக்குச் சிறுநீர்த் தாரை 4 செ.மீ. நீளம்தான். ஈ கோலை கிருமிக்கு அது குறுக்கு வழி. அவ்வப்போது நீர் பிரிந்தால் கிருமியையும் அடித்துக்கொண்டு போகும். அடக்கினால் சிறுநீர்ப்பையிலேயே தங்கிப் பெருகும்.

பாலக்காட்டுப் பக்கம் இறங்கினால் எதிரி வெயில். முதலமடை மாந்தோப்பில் குடித்த தண்ணீரெல்லாம் வியர்வையாகிவிடும். விலாவுக்குக் கீழே முதுகில் கிளம்பி, தொடை இடுக்குக்கு இறங்கும் வலி என்றால் கல்லை நினையுங்கள். நீர் வற்றிய உடம்பில் மூட்டுவலிக்கு டைக்ளோபினாக் விழுங்கினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமே குறையும். கிரியாட்டினின் சரியாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். வடிகட்டும் திறன் பாதியளவு போகும்வரைகூட அது அசையாமல் இருக்கலாம்.

வார்டில் உங்கள் கையில் இருப்பது அளவு ஜாடி. கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி. சிறுநீர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 30 மி.லி. தொடர்ந்து இரண்டு மணி நேரம் அதற்குக் கீழே போனால் டாக்டரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் கதீட்டர் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று ஒரு பார்வை.

கதீட்டர் போட்டவரை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது பையைத் தூக்கி வயிற்றின் மேல் வைக்கிற பழக்கம் ஒன்று உண்டு. பையில் கிடந்த பழைய நீர் கிருமியோடு உள்ளே திரும்ப அது போதும். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படவும் கூடாது. கதீட்டர் இன்னும் தேவையா என்று தினமும் காலையில் கேட்டுவிடுங்கள். நாள் கூடக் கூடத் தொற்றும் கூடும்.

கல்ச்சருக்கு அனுப்பும்போது சுத்தம் செய்துவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஜீப் மலையிறங்கி லேப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும் என்றால், பாட்டில் ஐஸ் பெட்டியில் போகட்டும்.