கமராவின் கண்மணி

வெயிலில் ஒடுங்கியும் இருளில் விரிந்தும் கண்மணி ஒளியை அளந்து உட்செலுத்துவதை யாவரும் அறிவர். கமரா வில்லையினுள் அத்தொழிலைச் செய்வது, மெல்லிய தகடுகள் வட்டமாகச் சூழ அமைந்த துவாரமாகும். வில்லையின் குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுக்க வருவது துவார எண். குவியத்தூரம் 50 மில்லிமீற்றராகவும் விட்டம் 25 மில்லிமீற்றராகவும் இருப்பின் எண் 2, விட்டம் 12.5 ஆயின் எண் 4. விட்டம் பாதியாகவே, உட்புகும் ஒளி நான்கிலொரு பங்காகும். துவாரம் ஒடுங்குந்தோறும் அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிவுறும்.

காட்சியை நோக்கும்போது துவாரம் முழுதும் திறந்திருத்தல் நன்று. படம் பிடிக்குங் கணத்தில் அது குறித்த அளவிற்கு ஒடுங்குதல் வேண்டும். முன்னாளில் இதனைச் செய்தன, கமராவிலும் வில்லையிலும் ஒன்றையொன்று தொட்டியங்கிய நெம்புகோல்கள். அவை சிறிது தேயினும் வளையினும் ஒளியளவு பிழைபடும்.

1987 ஆம் ஆண்டில் யப்பானின் கனன் கம்பனி, ஈஓஎஸ் 650 என்னும் கமராவுடன் வேறொரு முறையைக் கொணர்ந்தது. அதிற் கமராவையும் வில்லையையும் இணைப்பன மின்தொடுகைகளே. கமரா விடுக்கும் கட்டளையை ஏற்று, வில்லையினுள் அமைந்த சிறு மோட்டர் படிப்படியாகச் சுழன்று தகடுகளை அசைக்கும்.

இந்நன்மை இழப்பின்றி வந்ததன்று. 1971 முதல் அக்கம்பனி விற்ற எஃப்டி வில்லைகள் புதிய கமராவிற் பொருந்தவில்லை. அவற்றைப் பொருள் செலவிட்டு வாங்கியோர் வருந்தினர். நிக்கன் கம்பனியோ 1959 இல் வகுத்த பொருத்துவாயையும் நெம்புகோலையும் நெடுங்காலம் பேணிற்று. எனினும், 2018 இல் வெளியிட்ட இசெட் வகையில் அதுவும் நெம்புகோலைக் கைவிட்டது.

மற்றொன்றும் கருதத்தக்கது. நிக்கனின் பழைய வில்லையைக் கையிலெடுத்து வளையத்தைத் திருப்பினால், தகடுகள் ஒடுங்குவதைக் கண்ணாரக் காணலாம். கனனின் மின்வழி வில்லையிலோ அத்தகைய வளையம் இல்லை. மின்னின்றித் துவாரம் அசையாது. ஒடுங்கிய நிலையைக் காட்டும் பொத்தானை அழுத்தியவாறே அதனைக் கமராவினின்றும் கழற்றினால், தகடுகள் அந்நிலையிலேயே நின்றுவிடும்.

வளையம் மறைந்தமையால் எண்ணின் பொருளும் மறைந்துவிடலாகாது. வேண்டிய ஒளியைக் கமரா தானே கணிக்கும். ஆனால், முகம் மட்டுந் தெளிந்து பின்புலம் மங்க வேண்டுமா, இரண்டும் தெளிய வேண்டுமா என்பதைப் படம் பிடிப்பவனே துணிதல் வேண்டும். துவார எண்ணை விளங்கிக்கொண்ட மாணவனுக்கே அத்துணிவு கைகூடும்.