மெடூசாவைத் தெரியும்... கொல்லிப்பாவையைத் தெரியுமா?

ஆர்.கே.நாராயண் என்றதும் மால்குடி ஞாபகத்துக்கு வரும். சரி, அந்த 'ஆர்' என்ன? ராசிபுரம். நம்ம நாமக்கல் மாவட்டத்து ராசிபுரமேதான். அவர் பிறந்தது 1906-ல், சென்னையில். ஆனா ஊர்ப்பெயர் இனிஷியலாக ஒட்டிக்கொண்டது. கார்ட்டூனிஸ்ட் தம்பி ஆர்.கே.லட்சுமணனுக்கும் அதே 'ஆர்'தான்.

இப்போ எதுக்கு இந்தக் கதை? உலகம் முழுக்க டீன்ஏஜ் வாசகர்கள் கிரேக்கப் புராணங்களை புது நாவல்களாகப் படிச்சுத் தள்ளுறாங்க. அதே வேலையை நாராயண் 1961-லேயே செஞ்சு பார்த்துட்டார்.

பெர்சி ஜாக்சன் யாரு?

2005-ல் ரிக் ரியோர்டன் எழுதிய நாவல் தொடரின் ஹீரோ. 12 வயசுப் பையன், நியூயார்க்கில் இருக்கான். எழுத்துகளைப் படிக்கத் திணறல், கிளாஸில் ஒரு இடத்தில் உட்கார முடியாத துறுதுறுப்பு. கடைசியில் பார்த்தா அவன் கடல் கடவுள் பொசைடனின் மகன்! பண்டைய கிரேக்கம் படிக்கவே அமைஞ்ச மூளை என்பதால்தான் ஆங்கிலம் தடுமாறுது. அந்தத் துறுதுறுப்பு போர்க்களத்துக்கான வேகம்.

ரியோர்டன் இதை முதலில் சொன்னது தன் மகனுக்கு, தூங்கும் நேரக் கதையாக. அந்த மகனுக்கும் இதே சிக்கல்கள் இருந்தன. 'உன்கிட்ட குறை இல்லடா' என்று ஒரு அப்பா சொல்ல நினைச்சது, கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கதையில் கடவுள்களின் ஒலிம்பஸ் மலை, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600-வது மாடியில் இருக்கு. பார்த்தவங்களைக் கல்லாக்கும் மெடூசா, நெடுஞ்சாலை ஓரத்தில் சிலைக்கடை நடத்துறா. இவ்வளவுதான் டெக்னிக்: பழைய கதை, பக்கத்துத் தெரு.

இன்னொரு வழியும் இருக்கு

மேடலின் மில்லரின் 'சர்சி' (2018) கொஞ்சம் பெரியவங்களுக்கான நாவல். ஹோமரின் ஒடிசியில் சர்சி கொஞ்ச நேரமே வந்துபோகும் மந்திரக்காரி. மில்லர் முழுக் கதையையும் அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார். ஒண்ணு இடத்தை மாத்துறது, இன்னொண்ணு சொல்ற ஆளை மாத்துறது.

இந்த ரெண்டாவது வித்தை தமிழுக்குப் புதுசில்லை. புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' 1943-ல் வந்தது. ராமன் கால் பட்டு மீண்ட அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தியைக் கேட்டதும் மறுபடியும் கல்லாகிடுவா. 80 வருஷம் தாண்டியும் அந்த முடிவு சுடுது.

சரி, நாராயண் என்ன செஞ்சார்?

'தி மேன் ஈட்டர் ஆஃப் மால்குடி' நாவலில் நடராஜ் ஒரு சாதுவான பிரஸ் ஓனர். அவர் பிரஸ் மாடியில் வாசு என்ற முரடன் வந்து உட்கார்ந்துக்கிறான். செத்த விலங்குகளைப் பாடம் செய்றதுதான் அவன் தொழில். கோயில் யானையையே சுட்டுத் தள்ளத் திட்டம் போடுறான். யாராலும் அவனைத் தடுக்க முடியலை. முடிவு என்ன? (ஸ்பாய்லர்!) நெத்தியில் உட்கார்ந்த கொசுவைத் தன் கையாலேயே ஓங்கி அடிச்சு, அந்த அடியிலேயே செத்துப்போறான்.

தலையில் கை வைத்தால் சாம்பலாகும் வரம் வாங்கி, தன் தலையிலேயே கை வைத்த பஸ்மாசுரன் ஞாபகம் வருதா? அதேதான். நாராயணுக்கு 600-வது மாடி தேவைப்படலை. ஒரு சின்ன ஊர் அச்சகம் போதுமாக இருந்தது. 1972-ல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ராமாயணமும் கம்பனை வைத்துத்தான்.

ஒரிஜினல் கதை கெட்டுப்போகாதா?

அடிக்கடி வரும் கேள்வி. மெடூசாவையே எடுத்துக்கோங்க. பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட் பாட்டில் அவள் மூன்று கோர்கன் சகோதரிகளில் ஒருத்தி. பல நூற்றாண்டு கழிச்சு வந்த ரோமானியக் கவிஞர் ஓவிட், அவளை அழகான பெண்ணாக்கி, அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவளாகக் காட்டினார். எது ஒரிஜினல்? வால்மீகியும் கம்பனும் ஒரே மாதிரி சொல்லலையே! காலத்துக்கு ஏத்தபடி திரும்பச் சொல்லப்படுறதால்தான் புராணம் உயிரோட இருக்கு. இது மறுபடைப்பு என்று வாசகருக்குத் தெரிஞ்சா போதும்.

நம்ம ஊர் கதை எங்கே?

ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் எழுந்து நிற்கிறது கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைச்சதாக வன்பரணர் புறநானூற்றில் பாடுறார். ஒடிசியஸ் விட்ட அம்பு 12 கோடரிகளைத் தாண்டிப் போனதை ரசிச்சவங்களுக்கு இது சிலிர்க்காதா?

சங்கப் பாடல்கள் பேசும் கொல்லிப்பாவையும் இங்கேதான். தெய்வம் செய்த அழகுப் பதுமை. சிரிச்சே பகைவரைக் கொல்வாள் என்பது நம்பிக்கை. மெடூசாவுக்குப் பார்வை, பாவைக்குச் சிரிப்பு!

ஆனா ஓரியை திருமுடிக்காரி கொன்றான். மலையைப் பிடிச்சு சேரனுக்குக் கொடுத்தான். காவல்காரி பாவை அன்னைக்கு ஏன் சிரிக்கலை?

அந்த ஒரு கேள்வியிலேயே ஒரு நாவல் இருக்கு. ஜெயமோகனின் 'வெண்முரசு' மகாபாரதத்தை 26 நாவல்களாகச் சொல்லிவிட்டது. அது பெரியவங்களுக்கு. 12 வயசுப் பிள்ளை கையில் கொடுக்க, அந்த வயசின் பயமும் கோபமும் உள்ள தமிழ்ப் புத்தகம்தான் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருக்கு. கடைக்குப் போனா பெர்சி ஜாக்சன் முன்னாடியே நிற்கிறான். அவன் மேல தப்பில்லை. பக்கத்தில் நிற்க நம்ம ஆள் இல்லாததுதான் பிரச்னை.

ஆடி மாசம் அரசு வல்வில் ஓரி விழா நடத்துது. மலைக்குப் போற பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு எட்டாம் கிளாஸ் பொண்ணு. நாற்பதாவது வளைவில் யாரோ மெல்லச் சிரிக்கும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்குது.

அடுத்த வரியை யாராவது எழுதுங்களேன்.