பழைய செட் டாப் பாக்ஸுக்கு ஏன் விலை இல்லை?

பழைய செல்போனை விற்பவர் தன் சிம் கார்டைக் கழற்றிக்கொண்டு போனைக் கொடுத்துவிடுகிறார். வாங்கியவர் தனக்குப் பிடித்த கம்பெனியின் சிம்மைப் போட்டுப் பேசத் தொடங்குகிறார். மொட்டைமாடியில் டிஷ் வைத்து டி.டி.எச். சேவை பார்ப்பவருக்கு இந்த வசதி கிடையாது. அவருடைய செட் டாப் பாக்ஸ் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், வேறு கம்பெனிக்கு மாறும் அன்றைக்கே அது அவருக்கு உபயோகமில்லாத பொருளாகிவிடுகிறது. விற்கலாம் என்று போனால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்கிறார்கள். பல கடைக்காரர்கள் ரிமோட்டையும் அடாப்டரையும் மட்டும் எடுத்துக்கொண்டு பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பழுதானதால் பாக்ஸ் விலை போகாமல் இருக்கவில்லை. அதன்மேல் போடப்பட்டிருக்கும் பூட்டுதான் காரணம். அந்தப் பூட்டின் சாவி, பணம் கொடுத்து வாங்கியவரிடம் இல்லை என்பதே இந்தச் சந்தையின் அடிப்படைச் சிக்கல்.

பாக்ஸைத் திறந்து பார்த்தால் இது விளங்கும். கேபிளைத் திருகுகிற முனைக்குப் பின்னால் ஒரு சின்னத் தகரக் கூட்டுக்குள் ட்யூனர் இருக்கும். நடுவில் படத்தையும் ஒலியையும் விரித்துக் கொடுக்கும் பெரிய சிப். ஓரத்தில், இருக்கும் மாடல்களில், கார்டு செருகும் வாய். எந்தக் கம்பெனியின் பாக்ஸானாலும் இந்த உறுப்புகள் செய்யும் வேலை ஒன்றுதான். வெளியே இருக்கும் டிஷ்ஷும், அதன் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யும் அப்படியே. டாட்டா பிளேயின் செயற்கைக்கோள் கிழக்கு 83 டிகிரியில் இருக்கிறது, தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் 93.5 டிகிரியில், ஏர்டெல் 108.2 டிகிரியில். பெரும்பாலும் டிஷ்ஷின் திசையைத் திருப்பினால் ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றுக்கும் ஆகும். 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்கோளாறு வந்தபோது சன் டைரக்ட் தன் சேவையை மீசாட்-3 செயற்கைக்கோளுக்கு மாற்றியது. வீடுவீடாக டிஷ்களைத் திருப்பி வைத்தார்கள். பாக்ஸ்களை யாரும் தூக்கி எறியவில்லை. வானத்தில் செயற்கைக்கோளே மாறினாலும் கருவி ஈடுகொடுக்கிறது. கம்பெனி மாறினால்தான் ஈடுகொடுக்க மறுக்கிறது.

மறுப்பது வன்பொருள் அல்ல. மேலிருந்து வரும் சிக்னல் குலைத்துக் குறியாக்கம் செய்யப்பட்டு வருகிறது. அதைப் பிரிக்கும் குறியீடு பத்து விநாடி அளவுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் குறியீட்டைக் கண்டறியும் ரகசியம் கார்டுக்குள்ளோ, கார்டு இல்லாத மாடல்களில் சிப்புக்குள்ளோ இருக்கிறது. இந்த எண்ணுள்ள கார்டுக்கு இன்னின்ன சேனல்கள் என்ற அனுமதியும் அதே செயற்கைக்கோள் வழியாகத்தான் வந்து இறங்குகிறது. ரீசார்ஜ் செய்த பிறகு பாக்ஸைக் கொஞ்ச நேரம் ஆன் செய்தே வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். போதாததற்கு, கார்டையும் பாக்ஸையும் ஜோடி சேர்த்துவிடுகிறார்கள். ஒரே கம்பெனியின் கார்டாக இருந்தாலும் பக்கத்து வீட்டுப் பாக்ஸில் போட்டால் படம் வராது.

ஆகவே, பழைய டி.டி.எச். பாக்ஸ் வாங்குபவர் உண்மையில் வாங்குவது ஒரு கணக்கை. பாக்ஸ் அதனுடன் கூடவே வரும் பெட்டி, அவ்வளவுதான். கார்டு கம்பெனியின் சொத்து என்பதே வழக்கமான ஒப்பந்த நிபந்தனை. பாக்ஸ் யாருடையது என்பது, விலைக்கு எடுத்ததா வாடகைக்கு எடுத்ததா என்பதைப் பொறுத்தது. வாடகைப் பாக்ஸை விற்பவர் தனக்குச் சொந்தமில்லாததை விற்கிறார். கணக்கு விற்றவர் பெயரிலும் அவருடைய செல்போன் எண்ணிலும் இருக்கும்வரை, புகார் கொடுப்பதும் சேனல் மாற்றுவதும் அவர் தயவில்தான் நடக்கும். அவர் நினைத்தால் சேவையை நிறுத்தவும் முடியும். எனவே விலை பேசுவதற்கு முன், பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணும் டி.வி. திரையில் மெனுவில் தெரியும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்குச் சம்மதமா என்று விற்பவரை வைத்துக்கொண்டே கம்பெனிக்குப் போன் செய்து கேளுங்கள். ஹெச்.டி.யா, சாதாரணமா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஈரம் பட்டுத் துருப்பிடித்த கேபிள் முனையும், உள்ளே குடியேறிய எறும்பும் அடுத்த கவலைகள்தான்.

இந்த நிலைமை சட்டத்தின் கண்ணில் படாமல் உருவானதல்ல என்பதுதான் வருத்தம் தருவது. இந்தியாவில் டி.டி.எச். சேவையை அனுமதித்து மத்திய அரசு 2001 மார்ச் மாதம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலேயே, செட் டாப் பாக்ஸ் திறந்த வடிவமைப்பில் இருக்க வேண்டும், ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்தின் சேவைக்கும் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. 2003-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த தரத்தில், தனி மாட்யூல் செருகுவதற்கான பொது இடைமுகத் துளையும் இடம்பெற்றது. யோசனை எளிமையானது: பாக்ஸ் பொதுவாக இருக்கட்டும், பூட்டு மட்டும் மாட்யூலில் இருக்கட்டும், கம்பெனி மாறினால் மாட்யூலை மாற்றினால் போதும். நடைமுறையில் அந்தத் துளையை யாரும் பயன்படுத்தவில்லை. மாட்யூலின் விலை புதுப் பாக்ஸின் விலையை நெருங்கியது. கம்பெனிகளும் மாட்யூலை விற்க ஆர்வம் காட்டவில்லை. இடையில் தொழில்நுட்பமும் பிரிந்தது. 2003-இல் வந்த டிஷ் டி.வி.யும் 2006-இல் வந்த டாட்டா ஸ்கையும் (இன்றைய டாட்டா பிளே) எம்பெக்-2 என்ற படச் சுருக்க முறையில் தொடங்கின. 2007-இன் இறுதியில் வந்த சன் டைரக்ட் எம்பெக்-4-ஐக் கொண்டுவந்தது. பழைய எம்பெக்-2 பாக்ஸில் எந்த மாட்யூலைச் செருகினாலும் புதிய சிக்னல் படமாகாது. 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இந்தியாவில் விற்கும் எல்லா செட் டாப் பாக்ஸ்களும் கம்பெனி மாற்றத்துக்கு இடம் கொடுப்பவையாக இருக்க வேண்டும், அதற்கு யு.எஸ்.பி. வடிவ மாட்யூலைப் பயன்படுத்தலாம் என்று அரசுக்குப் பரிந்துரைத்தது. பரிந்துரை கோப்பில் இருக்கிறது. வீட்டில் இருக்கும் பாக்ஸ் பூட்டியபடியே இருக்கிறது.

கம்பெனிகள் தரப்பில் சொல்லப்படும் முதல் வாதம், அடக்க விலைக்கும் குறைவாகப் பாக்ஸைக் கொடுத்தோம், அந்த நஷ்டத்தை மாதச் சந்தாவில்தான் ஈடுகட்டுகிறோம், எனவே பூட்டு நியாயம் என்பது. இதில் உண்மை உண்டு. போட்டியின் உச்சத்தில் பாக்ஸை மலிவாகக் கொடுத்துத்தான் வாடிக்கையாளர்களைப் பிடித்தார்கள். ஆனால் கொடுத்த சலுகையை மீட்பதற்கு ஒரு கால அளவு இருக்க வேண்டும் அல்லவா? ஆறு ஆண்டு, எட்டு ஆண்டு சந்தா கட்டியவரின் பாக்ஸுக்கு இன்னும் என்ன பாக்கி? வங்கிக் கடன் அடைந்ததும் அடமானப் பத்திரம் வீட்டுக்காரர் கைக்கு வந்துவிடுகிறது. சலுகையை ஒரு காரணமாகச் சொல்பவர்கள், அது எத்தனை மாதச் சந்தாவில் தீர்கிறது என்பதை ரசீதிலேயே அச்சிட்டுக் கொடுக்கட்டும். அந்தத் தேதிக்குப் பிறகு பூட்டைத் திறப்பதில் கம்பெனிக்கு எந்த இழப்பும் இல்லை.

இரண்டாவது வாதம் திருட்டைப் பற்றியது. பாக்ஸைத் திறந்துவிட்டால் சந்தா கட்டாமல் சேனல் பார்ப்பார்கள், தயாரிப்பாளர்களும் ஒளிபரப்பாளர்களும் நஷ்டப்படுவார்கள் என்கிறார்கள். சேனலைக் காப்பது வேறு, பெட்டியைக் காப்பது வேறு; இந்த வாதம் இரண்டையும் குழப்புகிறது. ரகசியம் மாட்யூலில் இருந்தால் பாக்ஸ் திறந்திருப்பதால் சேனல் திருடு போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட திரையுள்ள டிஜிட்டல் டி.வி.களில் இப்படிப்பட்ட துளை இருக்க வேண்டும் என்று 2002-இலேயே சட்டம் வந்தது. புதிய வகை மாட்யூல்களில், மாட்யூலுக்கும் டி.வி.க்கும் இடையே போகும் சிக்னலும் குறியாக்கம் செய்யப்படுகிறது. அங்கே கட்டணச் சேனல்கள் மூடப்பட்டுவிடவில்லை.

கனமான வாதம் மூன்றாவதுதான்: இது அமெரிக்காவிலேயே தோற்றது. அங்கே கேபிள் நிறுவனங்கள் பூட்டைத் தனி கார்டில் வைக்க வேண்டும் என்ற விதி 2007 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கடைகளில் வாங்கிய கருவிகளில் அந்தக் கார்டைப் போட்டுக்கொண்டவர்கள் சொற்பம். 2020-இல் அந்த விதிகளையே நீக்கிவிட்டார்கள். இதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையல்ல. ஆனால் அங்கே தோற்றதற்கு ஒரு காரணம், கேபிள் சேவை இருவழிப் போக்குவரத்து உடையது. விரும்பிய படத்தைக் கேட்டு வாங்கும் வசதிகள் அந்தக் கார்டில் சரியாக ஓடவில்லை. செயற்கைக்கோள் ஒளிபரப்பு வானிலிருந்து ஒரே திசையில் இறங்குவது. அதைப் பிரித்துக் காட்டத் தேவைப்படுவது குறைவு. மாட்யூல் விலை என்ற தடை இந்தியாவில் உண்மையானது என்றாலும், எல்லாப் பாக்ஸுக்கும் அது கட்டாயம் என்றாகி லட்சக்கணக்கில் தயாரிக்கும்போது விலை இறங்கும். சில ஆயிரம் பேர் மட்டும் கேட்கும் பொருளாக வைத்திருக்கும்வரை எந்த மாட்யூலும் விலை அதிகமாகத்தான் இருக்கும்.

டி.டி.எச். தேயும் தொழில், எல்லாரும் ஓ.டி.டி.க்குப் போகிறார்கள், இப்போது இதைப் பேசி என்ன பயன் என்றும் கேட்கலாம். சந்தாதாரர் எண்ணிக்கை 7 கோடியைத் தொட்டு, 2025 தொடக்கத்தில் 6 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது என்பதை டிராயின் அறிக்கைகளே காட்டுகின்றன. அப்படியானால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பாக்ஸ்கள் எங்கே போயின? பரணிலும், பழைய இரும்புக் கடையிலும், ஓட்டை உடைசல் எடுக்கும் வண்டியிலும்தான் இருக்க முடியும். தொழில் வளரும்போது பூட்டு ஒரு தொந்தரவு; தேயும்போது அது குப்பையைப் பெருக்கும் இயந்திரமாகிறது. 2017 நவம்பரில் ரிலையன்ஸ் பிக் டி.வி. சேவை நின்றதும் லட்சக்கணக்கான வீடுகளில் இது நடந்தது. கம்பெனி கைமாறி வேறு பெயரில் வந்த சேவையும் நீடிக்கவில்லை. 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலில் செட் டாப் பாக்ஸும் இருக்கிறது. பழைய கருவியைச் சரிசெய்து மறுபடி பயன்படுத்துபவர்களுக்கும் அந்த விதிகள் இடம் தருகின்றன. சரிசெய்தாலும் ஓடாதபடி பூட்டிய கருவியை யார் சரிசெய்யப் போகிறார்கள்?

புதிய பாக்ஸ்களைத் திறந்த வடிவமைப்பில் கொண்டுவருவது நாளாகும் வேலை. ஏற்கெனவே வீடுகளில் இருப்பவற்றுக்கு அதைவிடச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. டிடி ஃப்ரீ டிஷ் சந்தா இல்லாத சேவை. டிடி தமிழ் உள்ளிட்ட சேனல்களை எந்த மாதக் கட்டணமும் இன்றிப் பார்க்கலாம். அதற்குத் தேவையான ட்யூனரும் சிப்பும், பரணில் கிடக்கும் எம்பெக்-4 பாக்ஸ்களில் ஏற்கெனவே இருக்கின்றன. வெளிச் சேனல்களைத் தேடிப் பிடிக்க விடாமல் தடுப்பது மென்பொருள் மட்டுமே. அந்த மென்பொருளைச் செயற்கைக்கோள் வழியாகவே புதுப்பிக்கக் கம்பெனிகளுக்கு முடியும். அடிக்கடி செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம், செயற்கைக்கோள் ட்யூனரை உள்ளேயே வைத்த டி.வி.களுக்குத் தரம் வகுத்தது. டிஷ்ஷை நேரடியாக டி.வி.யில் மாட்டி இலவசச் சேனல்களைப் பார்க்கலாம் என்பதே அதன் நோக்கம். புது டி.வி. வாங்கப் போகிறவருக்கு அரசு யோசித்த இந்த வசதியை, பழைய பாக்ஸ் வைத்திருக்கும் கூலித் தொழிலாளிக்கும் கொடுக்க ஒரு உத்தரவு போதும்.

தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் செய்ய வேண்டியது இதுதான்: வாடிக்கையாளர் சேவையை விட்டு விலகினாலோ, கம்பெனியே சேவையை நிறுத்தினாலோ, அவர் விலைக்கு வாங்கிய பாக்ஸ் இலவசச் சேனல்களைப் பிடிக்கும்படி மென்பொருளைத் திறந்துவிடுவதை உரிம நிபந்தனையாக்க வேண்டும். கட்டணச் சேனல்கள் பூட்டியபடியே இருக்கட்டும். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பெட்டியை, வாங்கியவர் விற்கவும் அடுத்தவர் பயன்படுத்தவும் அனுமதியுங்கள்.