பழைய ஜீப்புக்கு வீட்டிலேயே 'ஆபரேஷன்'! ஆர்.சி.யைப் பார்த்தீங்களா?

துருப்பிடித்த ஜீப்பை அடிமாட்டு விலைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையில் ஞாயிறுதோறும் ஸ்பேனரும் கையுமாக நிற்பவர்கள் உண்டு. துருவை வெட்டுவது, பிரேக் ஷூ மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது வரை கவலை இல்லை.

ஜெயில்

வேறு கம்பெனி என்ஜின், வெட்டி நீட்டிய சேஸிஸ் என்று ஆசை வளர்ந்தால்தான் வம்பு! கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

நம்பர் இடித்தால்...

15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது என்ஜின், சேஸிஸ் நம்பர்களை ஆர்.சி.யோடு ஒத்துப் பார்ப்பார்கள். இடித்தால், பட்ட பாடெல்லாம் கொட்டகையிலேயே முடங்கும். நட்டைக் கழற்றும் முன்னே ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க!