கூடாரத்துக்குள் எத்தனை பேர்?

அமெரிக்காவில் ஜனவரி மாதக் கடைசிப் பத்து நாள்களுக்குள் ஓர் இரவைக் குறித்து வீடற்றவர்களை எண்ணுகிறார்கள். மத்திய வீட்டுவசதித் துறையின் நிதி வேண்டுமானால் அந்தந்த ஊர் இந்தக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். 2024-ல் நாடு முழுவதும் 7,71,480 பேர். அவர்களில் சுமார் 2,74,000 பேருக்குக் காப்பகம்கூட இல்லை. நடைபாதையிலும் பாலத்தடியிலும் காருக்குள்ளும் படுத்திருந்தவர்கள்.

காப்பகத்தில் இருப்பவர்களை எண்ணப் பதிவேடு போதும். தெருவில் இருப்பவர்களை? லாஸ் ஏஞ்சலீஸில் தன்னார்வலர்கள் குழுக்குழுவாகக் காரில் கிளம்புகிறார்கள். ஒருவர் மெல்ல ஓட்ட, ஒருவர் வழி சொல்ல, இன்னொருவர் இருபுறமும் பார்த்து எண்ணுகிறார். யாரையும் எழுப்பக் கூடாது, கூடாரத்தைத் திறந்து பார்க்கக் கூடாது. கூடாரம் ஒன்று, வேன் ஒன்று என்று குறித்துக்கொண்டு நகர வேண்டியதுதான். உள்ளே சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைத் தனியே பேட்டிகள் எடுத்துக் கணக்கிடுகிறார்கள்.

காகிதத்தில் நடந்த இந்த வேலை 2022-ல் செல்போன் செயலிக்கு மாறியது. முதல் முறையே தடுமாற்றம். அந்நகரின் வெனிஸ் பகுதியில் ஒரு மூலையில் தெருவில் ஒருவர்கூட இல்லை என்று கணக்கு வந்தது. எண்ணப் போனவர்களோ அங்கே ஆட்களைப் பார்த்திருந்தார்கள். மறு ஆண்டு வேறு செயலி வந்தது. திரையைத் தொட்டதுமே இடமும் நேரமும் வரைபடத்தில் ஏறிவிடுவதால், விட்டுப்போன தெருவைக் கண்டுபிடிக்கலாம். பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் கண்ணில் படாதவரைச் செயலி எப்படிப் பதிவு செய்யும்? ராண்ட் ஆய்வு நிறுவனம் ஹாலிவுட், வெனிஸ், ஸ்கிட் ரோ பகுதிகளில் தன் ஆட்களை வைத்து எண்ணிப் பார்த்தது. அரசுக் கணக்கு அதைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. கூடாரம்கூட இல்லாமல் படுப்பவர்கள் பெருகியது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அதிகாரிகள் கூடாரங்களை அகற்றினால் ஆள் எங்கேயும் போய்விடுவதில்லை. எண்ணுபவருக்கு அடையாளம்தான் போய்விடுகிறது.

இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டு நகரம் வேறு வழி கண்டது. வீடற்ற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்த்து, யாருக்கு என்ன தேவை என்பதைத் தொடர்ந்து புதுப்பித்தார்கள். முன்னாள் படைவீரர்கள், நெடுங்காலமாக வீடில்லாதவர்கள் என இரு பிரிவினரிடையேயும் வீடின்மையை முடிவுக்குக் கொண்டுவந்த முதல் அமெரிக்க ஊர் என்று 2017-ல் பெயர் வாங்கினார்கள்.

ஓர் இரவுக் கணக்கு நிதி கேட்க உதவும். ஒருவருக்கு வீடு கொடுக்க அவர் யாரென்று தெரிய வேண்டும். அந்தப் பட்டியலை ஒவ்வொரு நகரமும் இப்போதே தொடங்க வேண்டும். சம்மதம் கேட்டே பெயர் எழுத வேண்டும். யார் எங்கே படுக்கிறார் என்ற குறிப்பு, கூடாரத்தைப் பிடுங்க வருபவர் கைக்கு ஒருபோதும் போகக் கூடாது.