கையெழுத்துப் போடுவதற்கு முன்

“சும்மா அஞ்சு நிமிஷம் பேசணும்” என்று ஹெச்.ஆர். கூப்பிட்டால், சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்ப்பவர்களுக்கு இப்போதெல்லாம் அடிவயிறு கலங்குகிறது. ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் ரிலீவிங் லெட்டர், செட்டில்மென்ட் எல்லாம் சுமுகமாக வரும். மறுத்தால் டெர்மினேஷன், அடுத்த கம்பெனி விசாரிக்கும்போது அது தெரிந்துவிடும் என்பார்கள். வருடக்கணக்கில் இரவு பகலாக உழைத்தவர், வீட்டுக்கு ஒரு போன்கூடப் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்ட பிறகு, எத்தனையோ குடும்பங்களின் முதல் பட்டதாரிகளைச் சொந்த வீட்டுக்காரர்களாக ஆக்கியது இந்தத் துறைதான். அதை மறுக்க முடியாது. ஆனால், ஃப்ரெஷர்களுக்கு ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்கிற சம்பளம் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிதாக நகரவில்லை. வீட்டு வாடகை நகர்ந்துவிட்டது. அனுபவம் கூடினாலும் ஆபத்துதான். 2025 ஜூலையில் டி.சி.எஸ். அறிவித்த சுமார் 12,000 பேரின் ஆட்குறைப்பு, பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்புகளில் இருந்தவர்களைக் குறிவைத்தது. வீட்டுக்கடனும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸும் கழுத்தை நெரிக்கிற வயது அது.

‘எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்கே போயிடலாம்’ என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. கரூர் மாவட்டம் கடவூரில் நம்மாழ்வார் உருவாக்கிய வானகத்துக்கு இயற்கை விவசாயம் கற்கப் போன ஐ.டி. இளைஞர்கள் பலர். மரச்செக்கு போட்டவர்களும் உண்டு. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். கணக்கையும் பார்க்கச் சொல்கிறேன். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பை ஆட்ட வேண்டும். பருப்பு விலை ஏறினால் எண்ணெய் விலையும் ஏறும். வாடிக்கையாளர் பாக்கெட் எண்ணெய்க்குப் போய்விடுவார். அவர் திரும்பி வரும்வரை தாக்குப்பிடிக்கக் கையில் காசு வேண்டும். வெற்றிக் கதைகள் பலவற்றின் பின்னால் மனைவியின் மாதச் சம்பளமோ, அப்பா விட்டுச்சென்ற நிலமோ இருக்கிறது. அதை யாரும் தலைப்பில் போடுவதில்லை.

கோடிங் பிடித்தவர் அதைக் கைவிடவும் வேண்டியதில்லை. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ 2011-லேயே அலுவலகம் தொடங்கியது. ஊரில் இருந்தபடியே மென்பொருள் எழுதலாம் என்பதற்கு அது கண்ணெதிரே இருக்கும் சாட்சி.

வேலையில் நீடிக்க விரும்புகிறவர்களுக்கும் வழி உண்டு. 2015 ஜனவரியில், கர்ப்பிணி ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஐ.டி. ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கத் தடையில்லை என்று 2016-ல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. ஆனால் நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு இழப்பீடு கேட்டுப் போராடுவது மிகவும் கடினம்.

எனவே, கடிதத்தை நீட்டினால் “யோசிச்சு சொல்றேன்” என்று எழுந்து வந்துவிடுங்கள். மின்னஞ்சல்களைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கறிஞரிடமோ சங்கத்திடமோ பேசுங்கள். நீங்களாகவே விலக முடிவெடுத்திருந்தால், சில மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து, பெற்றோருக்குத் தனியாக மருத்துவக் காப்பீடும் எடுத்துவிட்டுப் போங்கள்.